சென்னீர்குப்பத்து மாடியில் ஒரு குன்னூர்ச் செடி

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில், பூச்செடி, தொட்டிச் செடி பற்றியவை என் மேசைக்கு வந்துவிடும். போன சித்திரையில் வந்த கடிதம் ஒன்று இது.

'ஐயா, தை மாசம் குன்னூர் போனபோது இரண்டு கேமீலியா செடி வாங்கி வந்தேன். வரும்போது நிறைய மொட்டு இருந்தது. பத்து நாளில் எல்லாம் கொட்டிவிட்டது. இப்போது துளிர் இலை வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஓரம் கருகுகிறது. நான் தொட்டியில் செடி வைப்பது இதுதான் முதல் தடவை. என்ன உரம் போடலாம்?' கீழே சென்னீர்குப்பம் முகவரி.

துளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறைபாடு. இதை மல்லித் தோட்டத்தில் ஆயிரம் தடவை பார்த்தவன் நான். லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து இலையில் தெளியுங்கள், வெயில் காலம் என்பதால் இரண்டு வேளையும் தண்ணீர் விடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். அச்சிலும் வந்தது. ஆடியில் அதே கையெழுத்தில் ஓர் அஞ்சலட்டை.

'நீங்கள் சொன்னபடி செய்தேன். ஒரு செடி போய்விட்டது. இன்னொன்றுக்கும் அதையே செய்யவா?'

கோபமாகக் கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். அந்த அம்மா உண்மையாகவே சந்தேகம் கேட்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஊர்ப்பெயர்கள் மேல்தான் கண் போகும். பூந்தமல்லி என்று நாம் சுருக்கிவிட்ட ஊர் பூவிருந்தவல்லி. அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் தாயாருக்குப் புஷ்பவல்லி என்று பெயர். ராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பிகள் இந்த ஊரில் பிறந்து, நந்தவனம் வைத்துப் பூப் பறித்துக் காஞ்சிபுரத்துப் பெருமாளுக்குக் கொண்டுபோனவர் என்பது பரம்பரையாகச் சொல்லும் செய்தி. இப்போது தலைக்கு மேல் மெட்ரோ ரயில் பாதை வந்திருக்கிறது. பூந்தமல்லிக்கு அடுத்த நிலையத்தின் பெயர் முல்லைத்தோட்டம். 2025 மார்ச்சில் அதுவரைக்கும்தான் முதல் சோதனை ஓட்டம் விட்டார்கள். முல்லையைத் தேடி யாரும் அங்கே இறங்க வேண்டாம். தூணும் கடையும்தான் இருக்கின்றன.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வருகிறது சென்னீர்குப்பம். இன்னும் வடக்கே போனால் காடுவெட்டியில் கூவம் குறுக்கிடும். தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. ஊர்ப் பெயரிலேயே நீர் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அங்கே எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் பலவற்றுக்கு ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும்தான் கதி. லாரிகள் நிற்கும் சாலையோரம், பட்டறைகளுக்கும் உதிரிபாகக் கடைகளுக்கும் நடுவில், நர்சரி ஒன்று பச்சையாக உட்கார்ந்திருந்தது. கேமீலியா இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். "அது மலைச் செடி சார், இங்க நிக்காது" என்றார் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பையன். அவனிடம் அந்த அம்மா கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வீடு மூன்றாவது மாடியில். மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு அறுபதுக்கு மேல். கை விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்ததைப் பார்த்து, "எந்தத் தோட்டம் அம்மா?" என்று கேட்டேன். ஆச்சரியப்படவில்லை. "கூடலூர்ப் பக்கங்க ஐயா. முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தேன்" என்றார்.

குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அப்படி வந்த லயத்தில் வளர்ந்தவர். கண்டியை விட்டுக் கப்பல் ஏறியபோது கைக்குழந்தையாம். வேலை முடிந்ததும் லயத்தைக் காலி செய்துவிட்டு மகனோடு வந்துவிட்டார். போன தையில் உறவுக்காரர் கல்யாணத்துக்குக் குன்னூர் போயிருக்கிறார். சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்துச் சாலையில் தொட்டியில் வைத்து விற்ற சிவப்புப் பூவைப் பார்த்ததும் கால் நகரவில்லை என்றார்.

"லட்சம் செடியைத் தொட்டிருக்கேன் ஐயா. எனக்குன்னு ஒரு செடி வச்சதில்ல."

அந்த அம்மாவுக்குத் தெரியாத செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. தேயிலையும் கேமீலியாவும் ஒரே இனம். தேயிலையின் தாவரவியல் பெயரே கேமீலியா சினென்சிஸ்தான். பூவுக்காக வளர்ப்பது கேமீலியா ஜப்பானிகா. லின்னேயஸ் 1753-இல் இரண்டையும் தனித்தனி இனமாகத்தான் எழுதிவைத்தார். பின்னால் 1887-இல் குன்ட்சே என்ற ஜெர்மானியர்தான் தேயிலைக்குக் கேமீலியா சினென்சிஸ் என்ற பெயரை வைத்தார். கேமீலியா என்ற பெயர், மணிலாவில் பணியாற்றிய கமெல் என்ற ஏசு சபைத் துறவியின் பெயரிலிருந்து வந்தது. அவர் பிலிப்பைன்ஸ் செடிகளைப் பற்றி எழுதியனுப்பிய குறிப்புகள் நம்ம சென்னைக் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் வழியாகத்தான் லண்டனுக்குப் போயின. முந்நூறு வருஷம் கழித்து அவர் பெயர் கொண்ட செடி கோட்டையிலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டரில் செத்துக்கொண்டிருந்தது, என் யோசனையில்.

கமெல் கதையை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. தேயிலை உறவை மட்டும் சொன்னேன். இலையைத் தடவிப் பார்த்தார். "அதான் பழகின இலை மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு, "தேயிலை பூ வெள்ளையா, நடுவில மஞ்சளா, சின்னதா இருக்கும். பூ வந்துச்சுன்னா கங்காணி திட்டுவாரு, கொழுந்து குறையும்னு" என்றார்.

பால்கனிக்குப் போனோம். அங்கே ஐந்து நிமிஷத்தில் தெரிந்ததை நான் சித்திரையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

செடி மேற்குப் பார்த்த பால்கனியில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. தொட்டி கறுப்பு பிளாஸ்டிக், தரையோடு தரையாக. தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளை வளையம். குளியலறைக் குழாய் வாயிலும் அதே வெள்ளை. கொண்டுபோன தாளை நனைத்துப் பார்த்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கார அமில நிலை 8-ஐத் தாண்டியிருந்தது. செத்த செடியை அம்மா வீசவில்லை, தொட்டியோடு மூலையில் வைத்திருந்தார். கவிழ்த்துப் பார்த்தேன். வேர் பழுப்பாக, நுனி கருகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தது.

கேமீலியாவுக்கு மண் 5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். தேயிலைக்கும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் புளிப்பாகக்கூட. இரும்புச்சத்து மண்ணில் இருந்தது. தண்ணீரில் இருந்த பைகார்பனேட் மண்ணைக் காரமாக்கி அதை வேர் எடுக்க முடியாமல் பூட்டிவிட்டது. நான் சொன்ன பெரஸ் சல்பேட் இலையை இரண்டு நாள் பச்சையாக்கியிருக்கும். நான் சொன்ன இரண்டு வேளைத் தண்ணீர் பூட்டை இன்னும் இறுக்கியது. உப்பு சேர்ந்து ஓரம் கருகியது, ஈரம் வடியாமல் வேர் அழுகியது. மல்லியாக இருந்தால் தாங்கியிருக்கும். மல்லிக்கான பதிலைக் கேமீலியாவுக்கு எழுதிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "பரவாயில்லங்க ஐயா, ஒண்ணு இருக்கே" என்றார். காபி கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்துக்காரர் வீட்டில் காபி!

இருந்த ஒன்றைக் காப்பாற்ற அன்றைக்கே செய்ததை விவரமாக எழுதுகிறேன். மலையிலிருந்து ஆசையாகச் செடி வாங்கி வந்துவிட்டு விழிக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள்.

முதலில் இடம். கிழக்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன மேடை இருந்தது. காலை ஒன்பது மணி வரை வெயில், பிறகு நிழல். அங்கே மாற்றினோம். இரண்டு செங்கல் மேல் தொட்டி, அப்போதுதான் அடியில் காற்று போகும், துளை அடையாது. பிளாஸ்டிக்கை விட்டுப் பன்னிரண்டு அங்குல மண் தொட்டி. மண் தொட்டி சீக்கிரம் காயும் என்பது உண்மை, ஆனால் வெளிச்சுவர் வழியே ஈரம் ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும். நம்ம ஊர் வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வேர் வெந்துவிடும்.

கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தபிறகே சேர்க்க வேண்டும். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் இரண்டும் இந்தச் செடிக்கு ஆகாது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எதற்கும் முட்டை ஓட்டைப் போடுகிறார்கள். அது சுண்ணாம்பு. பழைய கலவையை வேரிலிருந்து மெதுவாக உதறிவிட்டு நட்டோம். கேமீலியாவின் வேர் மேலாக ஓடும். தண்டின் அடி, கலவை மட்டத்துக்கு ஒரு விரல் மேலேயே நிற்க வேண்டும், புதைக்கக் கூடாது. இதை நான் சொல்வதற்கு முன்பே அம்மா செடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். புதுக் கன்று நடவில் பழகிய கை.

"ஐயா, வீட்டுல டீ போட்ட சக்கைய போடலாமா? சொந்தக்காரனாச்சே" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். பாலும் சர்க்கரையும் சேர்ந்த சக்கை எறும்பையும் பூஞ்சணத்தையும் கூப்பிடும். அலசிக் காயவைத்து மக்கவிட்டுக் கொஞ்சம் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்று நம்பக் கூடாது.

உண்மையான வைத்தியம் தண்ணீரில்தான். சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைநீர் சேகரிப்பை 2003-இலேயே தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கினார்கள், அதனால் மாடியிலிருந்து குழாய் இறங்கத்தான் செய்கிறது. அந்தக் குழாயில் ஒரு கிளை போட்டு டிரம்மில் பிடித்தால் போதும். கணக்கு இதுதான்: ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். வழியில் போனது போக 700 லிட்டராவது கிடைக்கும். ஒரு தொட்டிக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்றாலும் 200 லிட்டர் டிரம் ஒன்று ஆறு மாசத்துக்கு வரும். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். டிரம்மைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். செடிக்காகத் தெருவுக்கு டெங்கு கொடுக்க வேண்டாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆடியில். ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாசம். அதுவரை? மகன் அறையில் ஏ.சி. ஓடுகிறது. அதன் குழாயிலிருந்து சொட்டும் நீர் காற்றிலிருந்த ஈரம், அதில் உப்போ சுண்ணாம்போ கிடையாது. ராத்திரிக்கு ஒரு வாளி நிறைகிறது. அது பால்கனி வடிகாலில் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் விடச் சொன்னேன். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் தண்ணீரை மட்டும் தொடவே கூடாது, உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். எலுமிச்சைச் சாறு பிழிந்து விடலாமா என்று மகன் கேட்டார். பைகார்பனேட்டைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், உப்பை எடுக்காது. அவசரத்துக்குச் செய்யலாம், பழக்கமாக்க வேண்டாம். கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து நிம்மதி அடைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது மொத்த உப்பைக் காட்டும், பைகார்பனேட் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. குழாய் வாயில் வெள்ளை படிகிறதா என்று பாருங்கள், அது போதும்.

தண்ணீருக்கு வேளைக் கணக்கு வேண்டாம். விரலை ஒரு அங்குலம் விட்டு, ஈரம் இல்லையென்றால் அடியில் வடியும்வரை விட வேண்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் ஊறவிடுவதுதான் மொட்டு உதிர்வதற்கு முதல் காரணம். உரம், புதுத் துளிர் வந்த பிறகு மாசத்துக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி அமோனியம் சல்பேட், ஈர மண்ணில் தூவி மேலே தண்ணீர். மொட்டு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சொல்லப் பிடிக்காத இன்னொன்றையும் சொன்னேன். செடி பிழைக்கலாம், பூக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேமீலியா கோடை வெப்பத்தில் மொட்டுக் கட்டும், குளிரில்தான் மலரும். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே மார்கழி ராத்திரியிலேயே இருபது, இருபத்தொரு டிகிரிதான். சித்திரை, வைகாசி ராத்திரியில் இருபத்தேழுக்குக் கீழே இறங்காது. பகலில் வேலை செய்த செடி ராத்திரியில் ஓய்வெடுக்க வழியில்லை. குன்னூரில் பூவும் மொட்டுமாக விற்கும் செடி, அந்த ஊர்க் குளிரில் தயாரான செடி. அந்தப் பூவைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அடுத்த வருஷப் பூவை அது நம் வீட்டில்தான் தயார் செய்ய வேண்டும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மலையை விட்டு எறங்கின எல்லாருக்கும் அப்படித்தான் ஐயா" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் முதலில் கேட்டிருந்தால் கேமீலியாவை வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஏற்காட்டில், கொடைக்கானலில், குன்னூரில் இருப்பவர்கள் தாராளமாக வையுங்கள், அரை நிழலும் இலை எருவும் போதும். பூந்தமல்லிப் பக்கத்து மாடிக்கு அதே பளபளப்பு இலையும் அடுக்குப் பூவும் வேண்டுமானால் அடுக்கு நந்தியாவட்டை இருக்கிறது. சிவப்பு கிடையாது, வெள்ளைதான், ஆனால் வருஷம் முழுக்கப் பூக்கும், ஆழ்துளைத் தண்ணீருக்கும் முகம் சுளிக்காது. வாசனை வேண்டுமென்றால் குண்டுமல்லி. அன்று திரும்பும் வழியில் அந்த நர்சரிப் பையனிடமே ஒரு குண்டுமல்லிக் கன்று வாங்கி, மறுபடி மூன்று மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தேன். போன செடிக்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும். மல்லியை அந்த மேற்குப் பால்கனியிலேயே வைக்கலாம், அதற்கு வெயில் சோறு மாதிரி. கார்த்திகையில் கவாத்து செய்யுங்கள் என்றேன். கவாத்து என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "அது எனக்குச் சொல்லணுமா?"

இந்தத் தையில் மறுபடி போனேன். ஐப்பசி மழையில் இரண்டு டிரம் பிடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏ.சி. வாளியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். மல்லி, மேல்மட்டம் பலகை போல ஒரே சீராக வெட்டப்பட்டு, குட்டித் தேயிலைச் செடியாகவே நின்றது. மல்லியை இப்படிக் கவாத்து செய்து நான் பார்த்ததில்லை. பக்கத் துளிர் எண்ண முடியாத அளவுக்கு வந்திருந்ததால் குறை சொல்லவும் முடியவில்லை.

கேமீலியாவில் ஏழு புது இலை, எல்லாம் கரும்பச்சை. மூன்று மொட்டுக் கட்டியதில் இரண்டு உதிர்ந்துவிட்டன. ஒன்று பட்டாணி அளவில் நிற்கிறது. நுனியில் மயிரிழை அளவு சிவப்பு தெரிகிறது. அம்மா அதைக் கையால் தொடவிடவில்லை. "பாருங்க, தொடாதீங்க" என்றார். இதை எழுதும்போது அது இன்னும் திறக்கவில்லை. பகல் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.